சொல்லும் அதன் எல்லையும்

1897-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பம்பாய் ஹைகோர்ட்டிலே ஒரே ஒரு சொல்லின் பொருளைப்பற்றிப் பெரியதொரு விவகாரம் நிகழ்ந்தது. வழக்கில் நிறுத்தப்பட்டவர் லோகமான்ய பால கங்காதர திலகர். 'கேசரி' என்னும் மராத்திப் பத்திரிகையில் வெளியான எழுத்துக்களின் வாயிலாகச் சர்க்காரின்பால் 'டிஸ்அபெக்ஷன்' விளைவித்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். அச்சொல் 1870-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 124-ஏ என்னும் பிரிவாக நுழைந்தது. அதற்குப் பகைமை என்று பொருளா, விசுவாசமின்மை என்று பொருளா, அன்றி வெறும் மனக்கசப்பு என்று பொருளா? வழக்கை விசாரித்த ஜஸ்டிஸ் ஸ்ட்ரேச்சி ஜூரிகளுக்கு விளக்கங் கூறுகையில், அன்பு இல்லாமையே அச்சொல்லின் பொருள் என்றார். பகை, வெறுப்பு, இகழ்ச்சி முதலிய எல்லாவிதத் தீய எண்ணங்களும் அதனுள் அடங்கும் என்றும் உரைத்தார். இப்பொருளை ஒப்புக்கொண்டால், சர்க்காரிடத்தில் ஜனங்களுக்குள்ள பிரியம் சிறிது குறையும்படி ஒரு வரி எழுதியவன் எவனும் தண்டனைக்கு உரியவனாகிறான். ஜூரிகள் ஒன்பதின்மரில் அறுவர் திலகர் குற்றவாளி என்றனர். மூவர் அல்லர் என்றனர். பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, 1898-இல், சர்க்கார் அப்பிரிவைத் திருத்தி, 'வெறுப்பு', 'இகழ்ச்சி' என்னும் சொற்களை வெளிப்படையாகச் சேர்த்து, முன்சொன்ன சொல்லுள் விசுவாசமின்மையும் பகையுணர்ச்சிகள் யாவும் அடங்கும் என்று விளக்கமும் எழுதிற்று. ஒரு மனிதர் சிறை புகுந்தபின்னரே சட்டம் செய்தவர்கள் தங்கள் சொல்லுக்கு வேலி கட்ட முற்பட்டார்கள்! 1922-இல் ஆமதாபாத்தில் இதே பிரிவின்கீழ் நிறுத்தப்பட்ட மகாத்மா காந்தி, அன்பைச் சட்டத்தினால் உற்பத்தி செய்ய இயலாது என்று கூறியதும் இந்தச் சொல்லைக் குறித்தே.

இப்பழைய வழக்கை இங்கு எடுத்தோதுவதற்குக் காரணம் உண்டு. பொதுக் காரியங்களுக்காக எழுதுவோர் நம்மிடையே பலர். பத்திரிகைகளுக்குச் செய்தி வரைவோர், சங்கங்களின் காரியதரிசிகள், துண்டுப் பிரசுரம் அச்சிடுவோர், மனு எழுதுவோர் ஆகிய இவர்களிடம் சொற்களை ஆராய்ந்து கையாள வேண்டும் என்று சொன்னால், அது கவிகளுக்கும் பண்டிதர்களுக்கும் உரிய வேலையென்று கருதுகின்றனர். 'பொருள் விளங்கினால் போதாதா?' என்று கேட்கின்றனர். எந்தப் பொருள், யாருக்கு விளங்கினால் போதும்? திலகர் வழக்கில் அச்சொல் எல்லோருக்கும் விளங்கத்தான் செய்தது. ஆளுக்கொரு விதமாக விளங்கிற்று. கவியின் சொல் தவறினால் ஒரு பாட்டுக் கெடும். பொதுக் காரியத்தில் எழுதுகிறவனுடைய சொல் தவறினால் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்க நேரிடும். ஆகவே, சொல்லாராய்ச்சியின் அவசியம் கவிகளைக் காட்டிலும் இவர்களுக்கே மிகுதி என்பது நமது துணிபு.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதையே ஒரு போராட்டத்தின் முதல் வேலையாகக் கொண்ட வரலாறும் நமக்கு உண்டு. தென்னாப்பிரிக்காவிலே டிரான்ஸ்வால் சர்க்காரின் பதிவுச் சட்டத்தை எதிர்த்து 1906-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி ஜோஹானஸ்பர்க் நகரத்தில் இந்தியர்கள் கூடிப் பிரதிக்ஞை செய்தார்கள். தாங்கள் தொடங்கிய காரியத்துக்கு யாது பெயர் என்பது அப்பொழுது அவர்களுக்கே தெரியாது. ஆங்கிலத்தில் வழங்கிய 'பாஸிவ் ரெஸிஸ்டன்ஸ்' என்னும் தொடரையே காந்தியும் எடுத்தாண்டார். போர் வளர வளர அத்தொடரின் குறை தென்படலாயிற்று. வெள்ளையர் கூட்டமொன்றில் இந்தியருக்காகப் பரிந்து பேசிய நண்பரே, வாக்குரிமை இல்லாதவரும் ஆயுதம் இல்லாதவரும் வலிமை குன்றியவருமாகிய இந்தியர் வேறு வழியின்றி இந்த முறையைக் கைக்கொண்டனர் என்னும் பொருள்படப் பேசினார். காந்திக்கு அது சுருக்கென்றது. இங்கிலாந்தில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர்களையும் அதே தொடரால் குறித்தனர். அவர்களிற் சிலர் கட்டிடங்களைத் தாக்கவும் தயங்கவில்லை. பலவீனனுடைய ஆயுதம் என்ற பொருளும் அத்தொடருக்குள் இருந்தது. சமயம் வாய்த்தால் பலாத்காரத்தில் இறங்கலாம் என்ற பொருளும் இருந்தது. இவ்விரண்டையும் தம் இயக்கத்திலிருந்து விலக்க விரும்பியவர், அவ்விரண்டையும் உள்ளே வைத்திருந்த ஒரு சொல்லைத் தூக்கிச் சுமப்பது எவ்விதம் பொருந்தும்?

காந்தி செய்தது என்ன? தமது 'இந்தியன் ஒபீனியன்' பத்திரிகையில், தகுந்த பெயர் சொல்வோருக்குச் சிறு பரிசு உண்டு என்று விளம்பரம் செய்தார். வந்த சொற்களில் மகன்லால் காந்தி அனுப்பிய 'சதாக்கிரகம்' அவருக்குப் பிடித்தது. நற்காரியத்தில் உறுதி என்பது அதன் பொருள். ஆயினும் அதுவும் முற்றும் நிறைவு தரவில்லை. நற்காரியம் என்பதை ஒவ்வொருவனும் தன் மனப்போக்கின்படி கொள்ளலாமன்றோ? ஆகவே 'சத்' என்பதைச் 'சத்திய' என்று மாற்றினார். 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'சத்தியாக்கிரகம்' பிறந்தது. ஓர் எழுத்துக்கூட்டம் மாறியதனால் உறுதி எதைப் பற்றி நிற்க வேண்டும் என்பது திட்டமாயிற்று. அந்தப் போரிலே சிறை சென்று நோயுற்று 1914-இல் இளமையிலேயே உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையை ஆங்கிலத் தொடரின்படி 'செயலற்று எதிர்த்தவர்' என்று தமிழில் எழுதிப் பார்க்கட்டும். எழுத்தாணி கூசும்.

பெயர் கிடைத்தபின் அதன்கீழ் வந்த முறைகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் தமிழில் நிலைபெற்றன. 1920-இல் தொடங்கியது ஒத்துழையாமை. 1930-இல் வேதாரணியக் கடற்கரையில் உப்பெடுத்தது சட்டமறுப்பு. மறியல் வேறு, வேலைநிறுத்தம் வேறு, கடையடைப்பு வேறு, உண்ணாவிரதம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பெய்தால் தொண்டனுக்கும் குழப்பம், போலீசுக்கும் வசதி. கடையடைப்புக்கும் முழு அடைப்புக்கும் என்ன பேதம் என்று அலட்சியமாய்க் கேட்போர், 1997-இல் கேரள ஹைகோர்ட்டு 'பந்த்' என்பதையும் 'ஹர்த்தால்' என்பதையும் பிரித்துக் காட்டி, பிறரை வலிந்து முடக்கும் முன்னதே சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்ததை நினைவிற் கொள்ளல் நலம்.

இனி, நம் நாட்களில் தமிழ்ப் பத்திரிகைகளிடையே வேரூன்றிவிட்ட ஒரு வழுவைக் குறித்துச் சிறிது விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. திலகரைச் சிறைக்கு அனுப்பிய அந்த 124-ஏ பிரிவின் குற்றத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர் இராஜத்துரோகம் அல்லது இராஜநிந்தனை. மிகச் சரியான பெயர். இராஜாங்கத்தை நிந்திப்பதைத்தான் அப்பிரிவு குற்றமாக்கிற்று. 'சட்டப்படி அமைந்த அரசாங்கம்' என்பதே அதன் வாசகம். தேசம் என்ற சொல் அங்கே குற்றத்தின் இலக்காக வரவில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் 1908-இல் திருநெல்வேலியிலே தண்டிக்கப்பட்டபோது, இராஜாங்கத்துக்குத் துரோகி என்று சர்க்கார் சொல்லிற்று. தேசத்துக்குத் தொண்டர் என்று ஜனங்கள் சொன்னார்கள். இரண்டு சொற்கள் இருந்தமையால் இரண்டு பொருள்களும் தெளிவாக நின்றன.

சுதந்திரம் வந்த பின்னர் நடந்ததென்ன? அதே பிரிவின்கீழ் ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டால், நம் பத்திரிகைகள் 'தேசத்துரோக வழக்கு' என்று தலைப்பிடலாயின. பிரிவின் வாசகம் மாறவில்லை. தமிழ்ப் பெயர் மாத்திரம் மாறிற்று. மாற்றும்படி யாரும் உத்தரவிடவில்லை. அச்சுக்கோக்கும் அவசரத்தில் ஓர் எழுத்தாளர் எழுதினார், மற்றவர் பின்பற்றினர். விளைந்த தீங்கு எவ்வளவு! ஒரு மந்திரிசபையைக் கடுமையாகக் கண்டித்த பேச்சாளர், வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே, தன் தாய்நாட்டைக் காட்டிக்கொடுத்தவராகத் தலைப்பெழுத்தில் நின்றார். 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கிலே சுப்ரீம் கோர்ட்டு, பலாத்காரத்தையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டாதவரையில் அரசாங்கத்தை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தாலும் அது இப்பிரிவின்கீழ் வாராது என்று வரையறுத்தது. கோர்ட்டு வேலி கட்டியது. தமிழ்த் தலைப்புகள் அவ்வேலியைப் பிடுங்கின. அரசாங்கமும் தேசமும் ஒன்றே என்னும் கோட்பாட்டை எந்தக் கட்சியும் மேடையில் வெளிப்படையாகச் சொல்லத் துணியாது. ஆனால் நாம் அதை ஒரு சொல்லின் மூலமாகத் தினந்தோறும் பிரசாரம் செய்துவந்தோம்.

2022 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அப்பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பழைய தண்டனைச் சட்டமே போய்ப் 'பாரதீய நியாய சன்ஹிதை' அமலுக்கு வந்துவிட்டது. அதன் 152-ஆம் பிரிவு அரசாங்கத்தின்பால் வெறுப்பு என்று பேசுவதில்லை; இந்தியாவின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு இவற்றுக்கு ஆபத்து விளைப்பதையே குறிக்கிறது. இது பழைய பிரிவைக் காட்டிலும் நல்லதா, கொடியதா என்பது வேறு விவாதம். அதனை இங்கே தொடங்க நாம் விரும்பவில்லை. ஆனால் பழைய பிரிவின்கீழ்த் தொடரப்பட்ட வழக்குகளைப்பற்றி எழுதுவோர் பழைய பெயரையும், புதிய பிரிவைப்பற்றி எழுதுவோர் அப்பிரிவின் வாசகத்தையும் எழுதுவதே முறை. 'இராஜத்துரோகம்' என்பதில் இராஜா இல்லாத நாட்டிற்கு இடமேது என்று சிலர் நகைக்கலாம். அப்படியானால் 'அரசத்துரோகம்' என்று எழுதட்டும், அல்லது 'அரசு நிந்தனை' என்று எழுதட்டும். தேசத்தை மட்டும் அதனுள் இழுத்துவர வேண்டாம்.

போலீசு சம்பந்தமான செய்திகளிலே இவ்வகை வழுக்கள் மலிந்திருக்கின்றன. ஒருவர் சந்தேகிக்கப்படுவது ஒரு நிலை. குற்றஞ்சாட்டப்படுவது ஒரு நிலை. குற்றவாளி எனத் தீர்ப்புப் பெறுவது மற்றொரு நிலை. கோர்ட்டு ஆவணங்களில் இரண்டாம் நிலையிலுள்ளவரை 'எதிரி' என்பர். நாம் முதல் நாளே 'குற்றவாளி சிக்கினான்' என்கிறோம். (தீர்ப்புக்குக் காத்திருப்பவர் நிற்கும் இடத்துக்கே 'குற்றவாளிக் கூண்டு' என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் வேறெப்படி எழுதுவார்கள்!) 'விடுதலை' என்னும் சொல் படும் பாடு இன்னும் பரிதாபம். ஜாமீனில் வந்தவரும் விடுதலை. குற்றமற்றவர் எனத் தீர்ப்பானவரும் விடுதலை. தண்டனைக் காலம் முடிந்து வந்தவரும் விடுதலை. முதலாமவர்மீது வழக்கு இன்னும் இருக்கிறது; இரண்டாமவர்மீது குற்றம் இல்லையென்று ஆயிற்று; மூன்றாமவர் குற்றம் உறுதியானவர். மூவரையும் ஒரே சொல்லால் வெளியே அனுப்பினால், வாசகனுக்கு ஒருவருடைய நிலையும் தெரியாது.

இதனினும் கவலைக்குரியது, 'விசாரணைக்காக அழைத்துச் செல்லப்பட்டார்' என்ற தொடர். அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு, கைது செய்யப்பட்ட எவரையும் பிரயாண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்று கட்டளையிடுகிறது. 'கைது' என்ற சொல் எழுதப்பட்ட கணத்திலிருந்து அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். 'அழைத்துச் செல்லப்பட்டார்' என்று எழுதினால் எந்தக் கடிகாரமும் ஓடுவதில்லை. ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாக ஸ்டேஷனில் வைத்திருந்து, வீட்டுக்குப் போகவும் விடாதிருந்தால், அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று நிருபர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். போலீசு கொடுத்த குறிப்பில் உள்ள சொல்லை அப்படியே இறக்கி வைப்பது செய்தி எழுதுவதாகாது. 'லேசான தடியடி' என்பதும் அவ்வினத்ததே. அது அடித்தவர் அளந்த லேசா, அடிபட்டவர் அளந்த லேசா? எத்தனைபேர் காயமடைந்தனர், எத்தனைபேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர் என்று எழுதிவிட்டு, லேசா பலமா என்னும் தீர்ப்பை வாசகனுக்கு விட்டுவிடலாமே.

சொல்லாமல் விடப்பட்ட சொல்லும் ஜனங்களைக் கொல்லும் என்பதற்கு 1943-ஆம் ஆண்டின் வங்காளம் சாட்சி. பஞ்சம் என்று சர்க்கார் முறைப்படி பிரகடனம் செய்தால், பஞ்ச நிவாரண விதிகளின்படி வேலையும் உணவும் கொடுக்கும் கடமை உடனே பிறக்கும். வங்காள சர்க்கார் அந்தப் பிரகடனத்தைச் செய்யவேயில்லை. கல்கத்தாத் தெருக்களிலே விழுந்து மடிந்தவர்கள் சர்க்கார்ப் பரிபாஷையில் 'ஆதரவற்றோர்' ஆனார்கள். பட்டினியால் சாகிறவனை ஆதரவற்றவன் என்றால், ஆதரவளிக்கத் தவறிய உற்றார்மீது குற்றம் போய்ச் சேருமேயன்றி, தானியத்தைக் கொண்டுவரத் தவறியவர்கள்மீது சேராது. ஆகஸ்டு 22-ஆம் தேதி 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை தெருவிற் கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்ட பிறகே உலகம் விழித்தது. இறந்தவர் பதினைந்து லட்சம் என்று 1945-இல் பஞ்ச விசாரணைக் கமிஷன் மதிப்பிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் முப்பது லட்சம் வரையிற் கூறுகின்றனர்.

மேலே காட்டியவை பெருங் காரியங்கள். நம் அன்பர்கள் நாள்தோறும் எழுதுவது கிராமத்து மனு. அதன் நடையைச் சிறிது பார்ப்போம். 'எங்கள் பகுதியில் நீண்டகாலமாகக் குடிநீர்ப் பிரச்சினை நிலவி வருவதால் பொதுமக்கள் பெரிதும் அவதிக்குள்ளாகி வருகின்றனர். இது சம்பந்தமாகத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.' இதற்கு வரும் பதில்: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.' மனுவும் பதிலும் ஒன்றுக்கொன்று ஏற்ற ஜோடி! தக்க நடவடிக்கை கேட்டவருக்கு உரிய நடவடிக்கை கிடைத்துவிட்டது. 'பிரச்சினை' என்பது எதையும் போட்டுக் கட்டக்கூடிய கோணிப்பை. தண்ணீர் வரவில்லையா, வந்தும் போதவில்லையா, உப்புக் கரிக்கிறதா, சாக்கடை கலந்துவிட்டதா? நான்கும் 'குடிநீர்ப் பிரச்சினை'யே. நான்குக்கும் வெவ்வேறு மராமத்து. கோணியை அவிழ்க்காமலே அதிகாரி திருப்பி அனுப்புகிறார் என்றால் தவறு அவருடையது மட்டுமா?

அதே மனுவை இப்படி எழுதிப் பார்க்கலாம்: 'மேலத்தெருவிலுள்ள நான்கு பொதுக் குழாய்களில் மூன்றில் இம்மாதம் 3-ஆம் தேதி முதல் தண்ணீர் வரவில்லை. நான்காவதில் விடியற்காலையில் ஒருமணி நேரம் வருகிறது. மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் பழுது என்று சொல்லப்படுகிறது. அதனை எந்தத் தேதிக்குள் செப்பனிடுவீர்கள் என்று எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டுகிறோம்.' இதில் அலங்காரமான சொல் ஒன்றுமில்லை. அவதி என்ற சொல்கூட இல்லை. ஆயினும் இதைப் படித்துவிட்டுப் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதச் சிறிது துணிவு வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தை உபயோகிப்பவர்கள் இதை அநுபவத்தில் அறிவார்கள். 'எங்கள் சாலை ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது?' என்று கேட்டவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அது கேள்வியேயன்றித் தகவலுக்கான விண்ணப்பமன்று என்று தள்ளிவிடுவார்கள். 'இச்சாலையின் ஒப்பந்தப் பத்திரத்தின் நகலும், எம்-புக் என்று எஞ்சினீயர்கள் வழங்கும் அளவுப் புத்தகத்தில் இவ்வேலைக்குரிய பக்கங்களின் நகலும் வேண்டும்' என்று கேட்பவருக்கு முப்பது நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எந்தக் காகிதம் எந்தப் பெயரால் வழங்குகிறது என்று தெரிந்துகொண்டு அந்தப் பெயரையே எழுதுவதில் இருக்கிறது பலன்.

வினைச்சொற்களைப்பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கார்த் தமிழிலே யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் 'மேற்கொள்ளப்படுகிறது'. 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது', 'அகற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது', 'முடிவு எடுக்கப்பட்டது.' தாசில்தார் ஆராய்ந்தார். நகராட்சி ஊழியர் குடிசைகளை இடித்தனர். மந்திரி முடிவு செய்தார். இவ்வாறு எழுதினால் செய்தவன் கண்ணுக்குத் தெரிகிறான். அவன் தெரிய வேண்டாம் என்பதற்காகவே அந்தத் தமிழ் உண்டாக்கப்பட்டது போலும்! சர்க்கார் அவ்விதம் எழுதுவதன் நோக்கம் விளங்குகிறது. சர்க்காரை எதிர்த்து நோட்டீசு அடிக்கும் சங்கங்களும் அதே நடையைக் கட்டிக்கொண்டு 'ஏழைகளின் வீடுகள் அகற்றப்பட்டன' என்று எழுதுவதன் நோக்கந்தான் விளங்கவில்லை.

நம் அன்பர்களிடம் வேறொரு குறையும் உண்டு. அதைக் கூறாது விடுவது நேர்மையன்று. நூறுபேர் கூடினால் மாபெரும் கூட்டம். ஆயிரம்பேர் கூடினாலும் மாபெரும் கூட்டம். ஊர்வலம் ஒவ்வொன்றும் வரலாறு காணாதது. ஒரு கிளைச் சங்கத்தின் ஆண்டு நிறைவு சரித்திரப் பிரசித்தி பெற்றது. எவ்விதத் துப்பாக்கிப் பிரயோகமும் படுகொலை. எவ்விதக் கண்டிப்பும் பாசிசம். 1919-இல் ஜாலியன்வாலா பாக்கில், வெளியேற வழியில்லாத மதில்களுக்குள் அகப்பட்ட ஜனங்கள்மீது எச்சரிக்கையின்றிச் சுட்டார்கள். சர்க்கார்க் கணக்கின்படியே 379 பேர் மாண்டனர். படுகொலை என்ற சொல் அங்கே தன் முழுக் கனத்தோடு நிற்கிறது. அதே சொல்லை ஒரு சிறிய கைகலப்புக்குச் செலவழித்துவிட்டால், அத்தகைய கொடுமை மறுபடி நேரும் நாளில் எந்தச் சொல்லைத் தேடுவது? சர்க்கார் சொல்லைக் குறைத்து எழுதுகிறது; நாம் மிகுத்து எழுதுகிறோம். எதிரி மிகையைக் காட்டிப் பொய்யென்று நிரூபிப்பது எளிது. நிரூபித்த பிறகு, உண்மையான பகுதியும் அதனோடு சேர்ந்து போய்விடும். குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் பக்கத்திற் பக்கமாய் வைத்துக் குற்றம் என்று விதித்த நன்னூலார் இரண்டு கட்சியாரையும் அறிந்தவர்போலும்.

இங்கே ஒரு சாரார் குறுக்கிட்டு, வடசொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் நீக்கிவிட்டால் நடை தானே தெளிவாகிவிடும் என்பர். தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தோன்றியதிலிருந்து இந்த வாதம் நடந்து வருகிறது. அதனால் நம் பாஷைக்கு உண்டான நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் தூய்மை ஒன்று, திட்பம் மற்றொன்று. 'ஜாமீன்' என்றாலும் 'பிணை' என்றாலும் பொருள் ஒன்றே. எதை எழுதினாலும் கேடில்லை. தூய தமிழில் 'விடுதலை' என்று எழுதினால்தான் கேடு. இன்னொரு சாரார், அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவத்துக்கெல்லாம் தனிப்பெயர் வைத்த மொழி வேறெங்கே உண்டு என்று மேடைதோறும் மார்தட்டுகின்றனர். உண்மைதான். பூவுக்கு ஏழு பெயர் அறிந்த நாம், வரிக்கும் கட்டணத்துக்கும், உரிமைக்கும் சலுகைக்கும், சட்டத்துக்கும் விதிக்கும், கடனுக்கும் மானியத்துக்கும் பேதம் அறியாமல் எழுதுகிறோம் என்பதும் உண்மை. முதியோருக்கு விதிப்படி கிடைக்கும் உதவித்தொகையை 'அரசின் சலுகை' என்று எழுதுகிறவர், அதைப் பெறும் கிழவியைக் கையேந்துகிறவளாக ஆக்கிவிடுகிறார். உழவனைப் பாருங்கள்: நாற்றைப் பயிர் என்னான், பயிரைக் கதிர் என்னான், நெல்லை அரிசி என்னான், அரிசியைச் சோறு என்னான், பதரை ஒருநாளும் நெல்லில் சேர்த்து அளக்கமாட்டான். அவனுடைய பிழைப்பு அதில் இருக்கிறது.

'எல்லாக் கருத்துக்கும் தமிழில் சொல் இருக்கிறதா?' என்று கேட்கலாம். இல்லாத இடங்கள் உண்டு. சபையொன்றின் 'மெம்பர்' என்பதற்குத் தமிழ் காண முயன்ற பாரதியார், அவயவி, அங்கத்தான், சபிகன் என்று ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தார். ஒன்று பொருள் பொருந்தவில்லை. மற்றொன்று காதுக்கு ஏற்கவில்லை. வேறொன்று பொருந்தினாலும் பொதுஜனங்களுக்குத் தெரியாது. கடைசியில் 'மெம்பர்' என்றே எழுதினார். பொய்யான தமிழ்ச் சொல்லைக் காட்டிலும் மெய்யான ஆங்கிலச் சொல் மேல் என்பது அவர் கண்ட முடிபு. இன்று 'உறுப்பினர்' என்ற சொல் குக்கிராமத்து ஊராட்சிப் பலகையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அது புதிதாக ஆக்கப்பட்ட சொல் என்றே ஒருவரும் நினைப்பதில்லை.

அத்தகைய தேவை இப்பொழுதும் ஒன்றுண்டு. அதிகாரம் வகிப்பவன், தான் செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் ஜனங்களின் முன் நின்று கணக்கொப்புவிக்கக் கடமைப்பட்டவன் என்னும் கருத்தை ஆங்கிலத்தில் 'அக்கவுண்டபிலிட்டி' என்கின்றனர். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் இதைப் 'பொறுப்பு' என்றோ 'பொறுப்புடைமை' என்றோ எழுதுகின்றன. பொறுப்பு என்பது வேலையை ஏற்றுக்கொள்வது; அதைப் பற்றிப் பிறர் கேட்கும்பொழுது விடையளிப்பது அதனுள் வாராது. 'இத்துறைக்கு நான் பொறுப்பு' என்று மார்தட்டுகிற மந்திரியே, அத்துறையில் நேர்ந்த சாவுகளைப்பற்றிக் கேட்டால் வாய் திறப்பதில்லை. ஈழத் தமிழ்ப் பத்திரிகைகள் இதற்குப் 'பொறுப்புக்கூறல்' என்னும் சொல்லை வழங்கி வருகின்றன. யுத்தத்தில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியில் அமர்ந்து கேட்பது எதுவென்று எழுதவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. வெறும் 'பொறுப்பு' அதற்குப் போதவில்லை. கூறுதல் என்னும் வினை அச்சொல்லின் உள்ளேயே நிற்கிறது. யாரோ ஒருவன் வாய் திறந்தாக வேண்டும் என்று அது வற்புறுத்துகிறது. அதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் எடுத்தாள்வதற்கு என்ன தடை? அடுத்த சட்டசபைக் கூட்டத்தைப்பற்றி எழுதும்பொழுதே தொடங்கலாம்.